என் ரத்தத்துக்குப் பர்மிட் தேவையில்லை

மலேசியாவில், இந்த ஸ்கூடாயில் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனாலும் ‘பங்சா’ என்ன என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்கிறார்கள். பங்சா என்றால் இனம். நம் ஊரில் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இங்கே அச்சடித்தே கேட்கிறார்கள். ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்க்கும் நான் ஒன்பது வருடமாக ‘இந்தியா’ என்ற கட்டத்தில் டிக் போட்டு வருகிறேன். அந்தக் கட்டத்தை நம்பித்தான் தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு கோயில் மண்டபத்தில் கையை நீட்டினேன். ஆய்வுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் ரத்தத்தின் நூற்றுக்கணக்கான அளவுகளையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து, சிறுநீரகம் கெடுவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் தெரியும் அடையாளத்தைக் கண்டுபிடிப்பார்களாம். அதற்குப் பெயர் பயோமார்க்கர்.

“இந்தியர் ரத்தம்தாண்ணே பத்தல, வாங்க. ரிசல்ட்ட ஒங்களுக்கே சொல்லுவோம்,” என்றாள் அவர்களுடைய நர்ஸ் மல்லிகா, இங்கே பிறந்த தமிழ்ப் பெண். மலாய் மொழியில் இருந்த சம்மதத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

தேவகோட்டையில் என் அண்ணனுக்குக் கால் வீங்கியபோது, வெயிலில் நின்றதால் என்றோம். மதுரைக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. அவருக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது நான்தான். எங்கள் அப்பாவும் இதே வீக்கத்தோடுதான் போனார். “தம்பி, ஒங்களுக்கும் வரலாம், ஒங்க பிள்ளைக்கும் வரலாம், பாத்துக்கங்க,” என்றார் டாக்டர். அன்று முதல் நான் லீவில் போய் எடுக்கும் பரிசோதனைச் சீட்டையெல்லாம் என் மனைவி தெய்வானை ஒரு நோட்டில் ஒட்டி, குங்குமம் வைத்து, சாமி படத்தடியில் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அது எனக்குள்ளும் தொடங்கிவிட்டதா? என் மகளுக்காகத் தெரிய வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, நீங்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்று போனில் செய்தி வந்தது. தெய்வானையை நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போனேன். மேசையில் மல்லிகா இருந்தாள்.

“ஏம்மா, இந்தியர் ரத்தம் பத்தலன்னீங்க?”

“நீங்க இந்தியாவுலேருந்து வந்த ஊர்க்காரங்கண்ணே. இங்கத்த கிளினிக்ல பழைய ரெக்கார்ட் இருந்தாத்தான் கம்ப்யூட்டர் சேக்கும். ஒங்களுக்கு முன்னாடியெல்லாம் காலியா இருக்கு லா.”

காலியா? தாள்களை மேசையில் போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த மலாய்க்காரர் முதல் தாளில் தெரிந்த குங்குமத்தைத் தொட்டு, “டாரா?” என்றார். ரத்தமா என்கிறார். “சாமி,” என்றேன். புரியாமல் விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். படத்தில் இருந்த குங்குமம் எப்படி ஒட்டும்?

“அந்த லேப் வேற, மெஷின் வேற. கலந்தா கணக்கு கெட்டுப்போகும்ணே.”

“லேப் வேற. ரத்தம் ஒண்ணுதானேம்மா?”

மல்லிகா தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

“சேக்க வேணாம். எடுத்த ரத்தத்துல என்ன இருக்குன்னாவது சொல்லுங்க.”

“சேக்காதவங்களுக்கு டெஸ்ட்டே பண்ணலண்ணே.”

“அப்ப என் ரத்தத்தத் திருப்பிக் கொடுங்க.”

“அலமாக்! அது ஃப்ரீசர்ல இருக்கு. பதினஞ்சு வருஷம் வச்சுக்கலாம்னு சைன் வச்சிருக்கீங்க. பிள்ளையார் சுழியெல்லாம் போட்டு!”

முருகன் சன்னிதிக்கு எதிரில் எடுத்த ரத்தம். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம். என்னைப்போல் பிழைக்க வந்தவர்களே, உங்கள் வாழ்க்கையை இவர்கள் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். சாதாரண கிளினிக்கில் பார்த்தேன். இன்றைய அளவு சரியாம். நாளையதைச் சொல்ல ஆளில்லை. மகளை ரத்தம் பார்க்கக் காரைக்குடிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய முதல் சீட்டும் அந்த நோட்டில் ஏறப்போகிறது.

ஆவணியில் என் பர்மிட் முடிகிறது. முதலாளி புதுப்பித்தால் இருப்பேன், இல்லையென்றால் மூட்டை கட்டுவேன். என் ரத்தத்தை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். எண் ஒட்டிய குழாயில், பங்சா இந்தியா என்ற பெயரோடு, ஸ்கூடாயில் உறைந்து கிடக்கும். அதனுடைய வருடங்கள் தேவகோட்டையில் சாமி படத்தடியில் இருக்கும்.