கோர்ட்டுப் படமும் நேர்ந்துவிட்ட சேவலும்

போன வாரம் மகள் என்னையும் என் மனைவி அஞ்சலையையும் மலாக்காவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடித் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். சாமி படம். ஆனால் பாதிக்கு மேல் கோர்ட்டிலேயே நடக்கிறது. ஒருவர் சாமியையே சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. சர்க்கரைப் பாகு போட்ட சோளப்பொரி வாசனையும் குளிரும் மட்டும்தான் ஒத்துவரவில்லை.

படத்தில் நீதிபதி முதல்முறை உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மடியில் இருந்த பொரியெல்லாம் முன்வரிசை ஆள் தலையில் கொட்டியது.

"அப்பா, என்ன இது? உக்காருங்க லா. மானம் போகுது" என்றாள் மகள்.

அஞ்சலை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் ஏன் எழுந்தேன் என்று அந்தத் தியேட்டரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எழுதுவதென்றால் எனக்குக் கூச்சமில்லை, பேசுவதுதான் கஷ்டம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது உளியால் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மாதம் ஒருமுறை மலாக்காவிலிருந்து ஒரு பாய் வேனில் படக்கருவியும் ஜெனரேட்டரும் கொண்டுவருவார். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார். அவர் கொண்டுவந்ததிலேயே எங்களை ஆட்டிவைத்தது ஒரு அம்மன் படம். பெயர் இப்போது நினைவில்லை. அன்றைக்கும் யாரும் பெயர் சொல்லவில்லை. கோர்ட்டுப் படம் என்றால் போதும்.

கோயில் வேலைக்காரன் ஒருவன், அம்மனின் மூக்குத்தியைத் திருடினான் என்று கூண்டில் ஏற்றுகிறார்கள். அவனுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. கடைசியில் அம்மனே பூக்காரியாக வந்து சாட்சி சொல்கிறாள். கதை எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் பக்கத்துத் தோட்டத்தில் முன்பே போட்டிருந்தார்கள். தெரிந்திருந்தும் காலையிலேயே திடலில் பாய் விரித்து இடம் பிடித்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்த விதம் இருக்கிறதே! அம்மன் சன்னதியைக் காட்டியதும் செருப்பெல்லாம் கழன்றது. பெண்கள் தட்டில் சூடம் ஏற்றித் துணிக்கு முன்னால் காட்டினார்கள். பாய் ஒரு வாளித் தண்ணீரோடு துணி ஓரத்திலேயே நின்றார்.

"நல்லா கும்பிடுங்கம்மா, நான் வேணாங்கல. துணிய மட்டும் கொளுத்திடாதீங்க லா. அடுத்த வாரம் உம்பாய் ஊர்ல படம் இருக்கு."

பிறகு நீதிபதி வந்தார். படத்துக் கோர்ட்டில் எல்லாரும் எழுந்தார்கள். திடலிலும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது தொரை வந்தால் எழுந்து நின்றே பழகிய கால்கள்; கறுப்பு அங்கியைக் கண்டதும் அவையாகவே எழுந்தன. பின்னால் இருந்தவர்களுக்குப் படம் மறைத்தது. "உக்காருங்கடா!" என்று கத்தியவர்களும் நின்றுகொண்டுதான் கத்தினார்கள்.

இந்த இடத்தில் ஒரு சேவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. சிவப்புச் சேவல். காலில் மஞ்சள் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். திருவிழா வரைக்கும் அது யார் வீட்டு அரிசியையும் கொத்தலாம், விரட்டக்கூடாது. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சேவலைக் காணோம். அன்று மத்தியானம் பார்த்து, எங்களோடு மரம் வெட்டுகிற காளிமுத்து அண்ணன் வீட்டிலிருந்து கோழிக்கறி மணம் லயத்து வரிசை வீடுகள் முழுக்க வீசியது. கோலா சுங்கை பாருவிலிருந்து தங்கை வந்திருக்கிறாள் என்று செலண்டார் பசாரில் கோழி வாங்கி வந்திருக்கிறார் மனிதர். மசாலா அரைப்பதில் அவர் வீட்டுக்கு ஒரு கை தனி. அந்த மணமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

கோயில் தலைவர், தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர். அவர் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார், "இந்த வருஷம் காளிமுத்து கரகம் எடுக்க வேணாம்."

பன்னிரண்டு வருடமாக அம்மன் கரகத்தைத் தலையில் சுமந்த ஆள். அன்றிலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டார். படம் போட்ட அன்றும் எல்லாருக்கும் பின்னால், சைக்கிள் கேரியரில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவர் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். சேவல் காணாமல்போன அன்று விடியும்போது, கோயிலுக்குப் பின்னால் ஒரு முசாங் அதைக் கழுத்தில் கவ்விக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் ஓடியதை நான் பார்த்தேன். பிறகு மரம் வெட்டப் போனபோது மூன்றாவது மரவரிசையில் இறகும் கயிறும் கிடந்ததையும் பார்த்தேன். கோழி பிடிக்கிற அந்த மரநாயை எங்கள் தோட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால், விடியற்காலையில் கோயிலுக்குப் பின்னால் உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அங்கே ஒரு தண்ணீர்ப் பைப்பு இருந்தது. மண்டோரின் மகள் தினமும் அங்கே தண்ணீர் பிடிக்க வருவாள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவ்வளவுதான். ஒரு வருடமாக அவ்வளவேதான். இருமல்கூட வராமல் பார்த்துக்கொள்வேன்.

திடலுக்கு வருவோம். படத்தில் வக்கீல் கூண்டில் நிற்பவனைக் கைகாட்டிக் கேட்கிறார், "இவனுக்காகச் சாட்சி சொல்ல இந்த ஊரில் ஒருவர்கூடவா இல்லை?"

அந்தக் கேள்வியோடு ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

கும்மிருட்டு. மழைக்கால வானம், நிலாவும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. பாய் எங்கேயோ டீசல் டின்னைத் தடவும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு கிறீச்சென்றது. காளிமுத்து அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தது. அந்தச் சத்தம்தான் என்னை என்னவோ செய்துவிட்டது.

"நான் இருக்கேன்" என்றேன்.

"யாருடா அது?"

என் குரல் யாருக்கும் தெரியவில்லை. தெரிகிற அளவுக்கு நான் எப்போது பேசினேன்? "பொம்பள கொரல் மாரி இருக்கே" என்றார் ஒருவர். பெயரைச் சொன்னேன். "அவனுக்குப் பேச வருமா?" என்று யாரோ கேட்க, திடலே சிரித்தது.

"சேவல காளிமுத்தண்ணன் எடுக்கல. முசாங் தூக்கிட்டுப் போனத நான் பாத்தேன். மூணாவது நெரையில ஓடைப் பக்கம் றெக்க கெடக்கும். கால்ல கட்டுன கயிறும் கெடக்கும்."

சிரிப்பு நின்றது. பிறகு மண்டோரின் குரல் வந்தது. பகலில் அந்தக் குரலைக் கேட்டால் எனக்குக் கையில் இருக்கும் உளி நழுவும்.

"எப்ப பாத்த?"

"விடியக்காலையில."

"எங்க நின்னு பாத்த?"

"கோயிலுக்குப் பின்னால."

"பெரட்டுக்கு முன்னால அங்க ஒனக்கு என்னடா வேல?"

படத்து வக்கீல் தோற்றுப்போவார். "சாட்சி முழிக்குது லா!" என்றான் ஒருவன். இன்னொரு குரல், "பொய்ச் சாட்சி போல!" என்றது. சைக்கிள் மறுபடி நகர்ந்தது. அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், அலுத்துக்கொள்வதுபோல வந்தது.

"நான் தண்ணி புடிக்க வருவேன்ல. அதப் பாக்கத்தான் நிப்பாரு. தெனமும் வேப்பமரத்துக்குப் பின்னால. பாவம், மறைஞ்சு நிக்கிறதா நெனப்பு."

பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஜெனரேட்டர் உயிர்பெற்றது. துணியில் படம் ஓடியது. ஆனால் ஒருவர்கூடத் துணியைப் பார்க்கவில்லை. தோட்டமே திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அம்மன் பூக்கூடையோடு கூண்டில் ஏறியதை நான் ஒருவன்தான் பார்த்தேன், வேறெங்கே பார்ப்பதென்று தெரியாமல்.

யாரோ கத்தினார்கள், "ஆத்தா, லேட்டா வந்துட்ட! நம்ம பய முந்திக்கிட்டான் லா!"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார். வேறெந்தத் தோட்டத்திலும் அப்படிப் போட்டதில்லையாம்.

மறுநாள் மண்டோரே மூன்றாவது நிரைக்குப் போய், சிவப்பு இறகையும் மஞ்சள் கயிற்றையும் எடுத்து வந்தார். காளிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடம் கரகம் சுமந்த காளிமுத்து அண்ணன், கூட்டத்தில் என்னைக் கண்டதும் நின்று, தலையில் கரகத்தோடு ஒரு சுற்று ஆடிவிட்டுப் போனார். திருவிழா முடிந்த மறுநாள் மண்டோர் என்னைப் பெரட்டில் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே பைப்பாண்ட நிக்காத. வீட்டுக்கு வா. ஒங்கம்மாவையும் கூட்டிட்டு வா."

பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு அதையும் சாய்த்து வீடுகள் கட்டினார்கள். திடல் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். பாய் இல்லை, மண்டோரும் இல்லை. காளிமுத்து அண்ணனின் கடைசி ஊர்வலத்தில் நான்தான் முன்னால் நடந்தேன்.

போன வாரத்துப் படம் முடிந்து வெளியே வரும்போது எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தபடி படியிறங்கினார்கள். "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே லா, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் ஸ்லோ" என்றாள் மகள். சாமி சாட்சி சொன்னதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காரில் வரும்போது அஞ்சலையிடம் மெதுவாகக் கேட்டேன், "இன்னிக்கும் நடுவுல கரண்டு போயிருந்தா?"

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே நிமிஷத்துல எல்லாரும் கைப்பேசி லைட்ட அடிச்சிருப்பாங்க. அந்த வெளிச்சத்துல நீங்க வாயத் தொறந்திருப்பீங்களா? அன்னிக்கே அந்த லைட்டு இருந்திருந்தா நானும் இந்நேரம் வேற எவனுக்காச்சும் சோறாக்கிட்டு இருப்பேன்."