ஒன்பது மணிக்குப் பூட்டிய கேட்

எண்பதுகளில் காரைக்காலில் சிறிய தனியார் பள்ளி ஒன்றை நடத்தினேன். ஒன்பது மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவேன். ஒழுங்கு அப்படித்தான் வரும் என்று நம்பினேன்.

ஒரு மழைநாளில் வெளியே கிளம்பியபோது, எதிரிலிருந்த தையல் கடைக்குள் எங்கள் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா அவர்களில் ஒருத்திக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று அதட்டினேன்.

"அதுங்கள ஏங்க திட்டுறீங்க?" என்றார் அந்த அம்மா. "அதுங்க வர்ற குரும்பகரம் பஸ்ஸே ஒம்பதேகாலுக்குத்தாங்க வருது. கேட்டு பூட்டியிருந்தா இங்கதான் வந்து உக்காருதுங்க."

அந்த நால்வரையும் சோம்பேறிகள் என்று பெற்றோருக்கு எழுதியவன் நான். நானே கேட்டைத் திறந்து உள்ளே அழைத்துப்போனேன்.

மறுநாள் அந்தப் பஸ்ஸில் ஏறி வந்து பார்த்தேன். ஒன்பதேகால்தான். பள்ளி நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றினேன்.

பள்ளி தொடங்குகிறவர்கள் யோசனை கேட்டால், "பிள்ளைங்க வர்ற வழியில ஒருநாள் வந்து பாருங்க" என்பேன். எனக்கு அது தோன்றப் பள்ளி தொடங்கி ஆறு வருடமாயிற்று.