தூக்கிய வண்டிக்கு ஒரு அப்பர் ஆர்ம்

நான் மாட்டு டாக்டர். திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு கிளினிக் இருக்கிறது. பாதி நாள் அதன் ஷட்டர் இறங்கித்தான் கிடக்கும். சிறுமலை அடிவாரத் தோட்டங்களிலிருந்து போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தப் பாதைகளுக்காகத்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்றை வாங்கினேன். அதற்கும் அடிவயிறு பாறையில் இடித்தது. மதுரையில் ஒரு கடையில் உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கினேன். தூக்கிய அன்றிலிருந்து நிம்மதி போயிற்று.

காட்டுப் பாதையில் குறை சொல்ல முடியாது. நான்குவழிச் சாலையில் ஏறினால்தான் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரும்பிய இடத்திலேயே நின்றது. தானாக நேருக்கு வரவில்லை. நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்த வேன் ஒன்று முந்திப் போன காற்றுக்கே என் வண்டி அடுத்த தடத்துக்கு நகர்ந்தது. முன் டயர்களைக் குனிந்து பார்த்தேன். உள்பக்கம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது.

சக்கரங்களின் கோணம் பார்க்கும் அலைன்மெண்ட் கடைக்காரர் வண்டியை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “இதுக்கு மேல திருப்ப இடமில்ல மேடம். அப்பர் ஆர்மை மாத்துங்க. இல்லாட்டி வண்டியப் பழையபடி இறக்கிருங்க.”

முன்சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. மேலே இருப்பது அப்பர் ஆர்ம். வண்டியைத் தூக்கியதும் அந்தக் கை கீழ்நோக்கிச் சரிந்து, சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துவிடுகிறது. கையை விட்டுவிட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போகிறதே, முன் ஃபோர்க்கின் சாய்வு தருகிற அந்தக் குணமும் குறைந்துவிடுகிறது. தூக்கிய வண்டிகளுக்கென்றே தனி ஆர்ம் விற்கிறார்கள். போட்டால் பழைய சாய்வு திரும்பிவிடும்.

இவ்வளவும் ஒரே நாளில் புரிந்துவிட்டது. எதை வாங்குவது என்பதுதான் புரியவில்லை.

இரண்டு வகை இருந்தன. ஒன்றில், சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு பெரிய உருண்டை பேரிங், மூடாமல் வெளியே தெரிந்தது. சக்கரம் எவ்வளவு ஆழத்துக்குத் தொங்கினாலும் தாங்கும். மற்றொன்றில் ரப்பர் உறை போட்டு மூடிய சாதாரண பால் ஜாயிண்ட், அதாவது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து மூட்டு. தொங்கும் ஆழம் கொஞ்சம் குறைவு. வண்டிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். தேனிக்காரர் ஒருவர் முதலாவதுதான் ஆம்பளைங்க போடுறது என்றார். அவருக்குப் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். ஆட்டுக்கு ஊசி போடும்போதும் அதே நினைப்பு. ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்றபோது, முன்னால் இருந்தவரின் மடங்கிய முழங்கையைப் பார்த்து அதன் கோணத்தை அளந்துகொண்டிருந்தேன்.

என் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். “இறக்கிரு. வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்” என்றார்.

“அப்பறம் அந்தப் பாறைய நீங்க வந்து பேர்க்கப் போறீங்களா?”

அவர் நோட்டு திருத்தப் போய்விட்டார்.

அந்த வாரமே ஒரு தோட்டத்திலிருந்து போன் வந்தது. தலை ஈத்துப் பசு, காலையிலிருந்து முக்குகிறதாம், கன்று வரவில்லையாம். அவசரத்தில் ஓடையை நேராகத் தாண்டினேன். இடது சக்கரம் ஒரு குழிக்குள் தொங்கியது. ‘டங்’ என்று ஒரு சத்தம், பாதம் வரை அதிர்ந்தது. இறங்கிப் பார்த்தால் மேல் பால் ஜாயிண்டின் உறை கிழிந்து, கிரீஸ் பிதுங்கி நின்றது. ஸ்டீயரிங்கை அசைத்தால் உள்ளே எதுவோ கடகடத்தது. அதற்குமேல் ஓட்டத் துணிவில்லை.

தோட்டக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். செத்த நேரத்தில் ஓடைக்கல்லில் துள்ளிக்கொண்டு மொபெட்டில் அவரே வந்து நின்றார்.

“டாக்டரம்மா, இம்புட்டு ஒசர வண்டிய வச்சுக்கிட்டு இதுல வாரீகளே!” என்று சிரித்தவர், உடனே முகம் மாறி, “வெரசா ஏறுங்க, அது கண்ணு சொருகுது” என்றார்.

பையை மடியில் அணைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். தொழுவத்தில் பசுவைச் சோதித்தால், கன்றின் தலை உள்ளே பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. தோள் வரை கையை விட்டு, தாடையைப் பிடித்துத் திருப்ப முயன்றேன். பசு முக்கும்போதெல்லாம் என் கை மரத்துப்போயிற்று. கடைசியில் தலை நேரானது. அந்தப் பெண்ணும் நானும் கயிறு கட்டி இழுத்தோம். கன்று விழுந்தது, மூச்சு இல்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்தேன். தும்மியது. நான் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கமாக என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஓடைக்கே வந்து வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். அதற்கு முன் போனில் படங்களைக் காட்டி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “இந்த ரெண்டு ஆர்ம்லயும் ஜாயிண்ட் தேஞ்சா, எதுக்கு இங்க சாமான் கிடைக்கும்?”

“மூடுனதுக்கு நம்ம பஜார்லயே கிடைக்கும். கம்பெனி ஜாயிண்டேதான் அதுல உக்காருது. அந்தத் தொறந்த பேரிங்குக்கு வெளிநாட்டுலருந்து வரணும். வர்ற வரைக்கும் வண்டிய நிப்பாட்டிருவீகளா?”

நிறுத்த முடியாது. மாடுகள் பார்சல் வரும்வரை காத்திருக்காது. அன்று மாலையே மூடியதை ஆர்டர் செய்தேன். தேனிக்காரருக்குச் சொல்லவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்ததும் வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி நின்ற பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆர்மை வண்டியோடு சேர்க்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். “தெரியும்” என்றார் மெக்கானிக். ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டு, இடமும் வலமும் முழுக்கத் திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினார். இன்னொரு தடவை என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“டாக்டரம்மா, உங்க மாட்டுக்கு நான் வந்து ஊசி சொல்லிக் குடுத்தேனா?”

வெளியே வந்து டீ குடித்தேன். டீ முடிவதற்குள் உள்ளே இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

அலைன்மெண்ட் மேடையில் சாய்வு திரும்பியிருப்பதாகத் திரை காட்டியது. கடைக்காரருக்கே சந்தோஷம். கணவரை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலைக்குப் போனேன். வேகம் எடுத்தது. வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் என் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்தது. லாரி ஒன்று முந்திப் போனது. வண்டி கோட்டை விட்டு நகரவில்லை.

கொடைரோடு பிரிவில் ஓரங்கட்டினேன். கணவர் என்னைப் பார்த்தார்.

“இப்பத் திருப்தியா?”

“ம்.”

“அப்ப வீட்டுக்குப் போவமா?”

நான் அங்கிருந்த பாலத்தின் அடியில் வண்டியைத் திருப்பி, வந்த சாலையிலேயே ஏற்றினேன். திண்டுக்கல் பிரிவு வந்தபோது ஊருக்குள் இறங்காமல் நேராகத் தாண்டினேன். அவர் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டார்.