ஓசிக் காரில் ஏறாதவர்

ஸைனுலாப்தீன் தன் வாழ்நாளில் கார் வாங்கவில்லை. அது குற்றமில்லை. அடுத்தவர் காரிலும் ஏறமாட்டேன் என்று நின்றாரே, அதுதான் குற்றம்.

திருகோணமலையில் கார் இல்லாதவன் பாதி ஆள்தான். துறைமுகத்தைச் சுற்றி ஊர் சிதறிக் கிடக்கிறது. வேலை ஒரு முனை, ஆஸ்பத்திரி ஒரு முனை, சொந்தக்காரர் இருபது மைல் தள்ளி. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியபோது அவர்களுடைய கார்கள் வந்த விலைக்குப் போயின. கடற்படைக் களஞ்சியத்தில் கிளார்க்காக இருந்த ஸைனுலாப்தீனையும் கேட்டார்கள்.

"அல்லாஹ் தந்த ரெண்டு கால் இருக்கு. அதுக்குப் பெற்றோல் வேணுமா?" என்று சிரித்தார்.

சிரிப்பாகச் சொன்னது நாளடைவில் கொள்கையானது, கொள்கை வீம்பானது. கொட்டுகிற மழையில் யாராவது பக்கத்தில் காரை மெதுவாக்கினாலும், "நீங்க போங்க, நான் நடந்து வாறன்" என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மனைவி றுக்கியாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நடப்பாள்.

அறுபத்தாறாம் ஆண்டு ஒரு காலையில் குச்சவெளியிலிருந்து ஆள் வந்தது. றுக்கியாவின் உம்மா விடிகாலை சுபஹுத் தொழுகை வேளையில் மௌத்தாகிவிட்டாராம். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையித்தை வைத்துக்கொண்டிருப்பது முறையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முகம் பார்ப்பதென்றால் அதற்குள் போய்விட வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குலசிங்கம் சேதி கேட்டு, வேலைக்குப் புறப்பட்ட காரைத் திருப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"ஏறுங்கோ நானா. ஒரு மணித்தியாலத்தில கொண்டுபோய் விடுறன்."

றுக்கியா கார்க் கதவில் கை வைத்துவிட்டாள்.

"வேண்டாம் தம்பி, உங்களுக்கு வேலை நேரம். ஒன்பதரை பஸ் இருக்கு," என்றார் ஸைனுலாப்தீன். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதரை பஸ் பத்தரைக்கு வந்தது. இறக்கக்கண்டி தாண்டியதும் புகை கக்கிக்கொண்டு படுத்துவிட்டது. வேறு பஸ்ஸும் இல்லை. சனம் மர நிழலில் குந்தியது.

"நடந்தாவது போவமா?" என்று கேட்டாள் றுக்கியா.

இன்னும் பத்து மைல் கிடந்தது. நடையைப் பற்றி ஊர் முழுக்கப் பெருமை அடித்தவர், பஸ் எப்போது புறப்படும் என்று சாரதியிடம் கேட்கப் போனார்.

ஒருவழியாக பஸ்ஸைத் திருத்தி எடுத்து, அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேரத்து அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். மையித்தைக் குளிப்பாட்டிய இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"உங்களுக்காக ஒரு மணித்தியாலம் முகத்தை மூடாமத்தான் வெச்சிருந்தம் மச்சி. அதுக்கு மேல ஏலாமப் போச்சு," என்று றுக்கியாவின் தம்பி மனைவி நஜ்முன் நிஸா கட்டிப்பிடித்து அழுதாள்.

றுக்கியா கணவரை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பிறகு யார் கார் நிறுத்தினாலும் ஏறினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நஜ்முன் நிஸா வீட்டுக்கு வரும்போதெல்லாம் றுக்கியா ஒன்றையே கேட்பாள்: "உம்மாட முகம் எப்பிடி இருந்திச்சு?" அவளும் சலிக்காமல் சொல்வாள். கண் இலேசாகத் திறந்திருந்ததை, உதடு சிரித்தாற்போல இருந்ததை. ஸைனுலாப்தீன் அடுத்த அறையில் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் வாசிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வார்த்தைகள் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. வெட்கத்தால் குறுகிப்போவார்.

எழுபத்தொன்பதில் நஜ்முன் நிஸாவும் மௌத்தானாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து வீடு திரும்பிய மறுநாள், றுக்கியா முதன்முறையாக அவரிடம் கேட்டாள்.

"உம்மாட முகம் அண்டைக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

கண்ணையும் உதட்டையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார்.

"எனக்குத் தெரியாது, றுக்கியா."

"ஓம்," என்றாள் அவள். "நீங்களும் பாக்கயில்லத்தானே." தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.