கோட்டைவாசல் சந்தையில் இரண்டு பந்தி

படுக்க இடம் கொடுத்துப் பிழைக்கிறவனுக்குத் தன் தூக்கம் சொந்தமில்லை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லவும் வேண்டுமா? மட்டக்களப்பில், கோட்டைக்கு முன்னால் சந்தை கூடும் சதுக்கத்தைப் பார்த்தபடி எனக்கு ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருந்தது. பின்னால் தங்குவதற்கு நாலு அறை. விடியுமுன்பே தயிர்க்காரர் கூவுவதும் வெற்றிலைக்காரி பேரம் பேசுவதும் தலைமாட்டில் கேட்கும். கோட்டையைப் பார்க்க வந்தேன் என்று ஒருவரும் அறை கேட்டதில்லை. வந்தவர்களெல்லாம் கச்சேரியில் அரசாங்க அலுவலாகவோ ஆஸ்பத்திரிக்கோ அமிர்தகழிக் கோயிலின் மாமாங்கத் தீர்த்தத்துக்கோ வந்தவர்கள்.

இலை போடுமுன்

ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடிவிட்டு, விரதம் முடிக்க என் கடைக்கு வருவார்கள். அவர்களுக்குத் தனிப் பந்தி, அன்றைக்கென்றே சமைக்கும் கசப்பான காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு. தகப்பன் உள்ளவனை அந்தப் பந்தியில் இருத்தினால் பெற்றவரை உயிரோடு கொன்றதாகிவிடும் என்று எங்கள் சனத்துக்குப் பயம். அதனால் வருகிற ஒவ்வொருவரிடமும் "அப்பா இருக்காரா?" என்று கேட்டுத்தான் இலை போடுவேன். அதற்காக நான் வாங்கிய ஏச்சுக் கொஞ்சமில்லை. ஒரு வண்டிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இரிக்காரு. காணிச் சண்டையில என்னோட பேச்சில்ல. அதுக்கு எந்தப் பந்தி முதலாளி?"

உயரமான ஆளுக்கு ஒரு சாரன்

யுத்தகாலத்தில் வவுணதீவிலிருந்து பொன்னம்மா என்றொருத்தி, வளர்ந்த மகன் தம்பிராசாவோடு ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு வந்து தங்கினாள். அவள் புருசன் திருகோணமலைத் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனவர். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ஆளுமில்லை, சேதியுமில்லை. திருவிழாவுக்கு எல்லா ஊர்ச் சனமும் வரும், அவரும் வரலாம் என்று சதுக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்துக் களைத்தபின், என் வாசலுக்கு எதிரே துணிக்கடை விரித்திருந்த காத்தான்குடி முஸ்லிம் பெரியவரிடம், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரிடம், ஆள் உயரம் என்று சொல்லிப் புருசனுக்கு உடுக்க ஒரு சாரன் வாங்கினாள்.

மறு வருசமும் வந்தாள், மறுபடியும் சாரன் வாங்கினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் காக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "போன வருசத்துச் சாரன் மடிப்புக் கலையாம இரிக்காம். வேணாம் புள்ள எண்டு சொல்ல வாய் வரல்ல எனக்கு."

கையைப் பிடித்து எழுப்பியது

அந்த இரண்டாம் வருச ஆடி அமாவாசை மத்தியானம்தான் அது நடந்தது. நான் கேட்பதற்குள் தம்பிராசா தலை ஈரம் காயாமல் வந்து, தகப்பனில்லாதவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்குத் தெரியாமல் குளத்துக்குப் போயிருக்கிறான். பொன்னம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். "என்ட கழுத்தில தாலி கிடக்கு. நீ ஆருக்குடா விரதம் பிடிக்காய்?" என்று கத்தினாள். பந்தியே சோற்றில் வைத்த கையோடு நின்றுவிட்டது.

அழுதுகொண்டே அவன் சொன்னதைக் கேட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது: "அவர் செத்திருந்தா, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமத் தவிப்பாரே அம்மா!"

அவள் பரிமாறியது

அடுத்த ஆடி அமாவாசைக்கு இருவரும் வந்தார்கள். புருசனைப் பற்றிப் புதிதாக ஒரு சேதியும் கிடைத்திருக்கவில்லை. இந்த முறை அவள் சதுக்கத்தில் நிற்கவில்லை. காக்கா கூப்பிட்டும் திரும்பவில்லை. காலையில் மகனைத் தானே குளத்துக்குக் கூட்டிப்போய் முழுகவைத்து, கடைக்குக் கொண்டுவந்து அந்தப் பந்தியில் இருத்தினாள். என் மனைவியின் கையிலிருந்த பொரியல் சட்டியை வாங்கி அவன் இலையில் தானே வைத்தாள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. அந்த ஓர் இலையை மட்டும் நான் வழக்கமான கேள்வியைக் கேட்காமலே போட்டிருந்தேன்.

தம்பிராசா சாப்பிடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "தின்னு மனே. அவர் உசிரோட இரிந்தா வந்து என்னை ஏசட்டும். எப்படியாவது வந்து ஏசட்டும்."

தகப்பன் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு பந்தி போட்டே என் காலத்தை ஓட்டிவிட்டேன். இரண்டிலும் சேராதவர்களை எங்கே இருத்துவது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.