சுருள் எழுத்தில் எங்கள் கல்யாணக் கார்டு

கண்டி டவுனில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கல்யாணக் கார்டுகள் செய்துகொண்டிருந்தேன். ஊரார் கார்டுக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்கு, என் சொந்தக் கார்டைப் பற்றி வாய் திறக்கும் உரிமை இருக்கவில்லை. அந்த உரிமை வருங்கால மாமனாருடையது. அவர் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். தாலி கட்டப்போவது அவர் மகன் என்றாலும், கல்யாணம் அவருடைய மேலதிகாரிக்காகவே நடந்தது.

எழுத்து மாதிரிகளைப் புரட்டி, ஆங்கிலச் சுருள் எழுத்து ஒன்றில் விரல் வைத்தார். அழகான எழுத்துதான். ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் தலையில் ஒரு கொடி, காலில் ஒரு கொடி. சொல்லின் முதலில் மட்டும் அதை வைத்து, மிச்சத்தைச் சிறிய எழுத்தில் விட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

"எல்லாமே கெப்பிட்டல்ல போடுங்க" என்றார்.

"வாசிக்க ஏலாது மாமா. ஒன்னோட ஒன்னு சிக்கிக்கும்."

"கார்டு வாசிக்கிறதுக்காம்மா? கையில வாங்குறப்பவே மதிப்பு தெரியணும்."

போட்டேன். அச்சாகி வந்த கார்டில் என் பெயரை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன்.

ஹோட்டலில் இரண்டு மண்டபங்கள். மேல்மாடியில் லில்லி, கீழே ஐரிஸ். எங்களுடையது லில்லி. ஆங்கிலத்தில் இரண்டும் நாலெழுத்துப் பெயர்கள்; அந்தச் சுருள்களுக்குள் லில்லியை ஐரிஸ் என்றும் வாசிக்கலாம், அப்படி இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. தெல்தோட்டையிலிருந்து வந்த என் சொந்தங்களுக்கு அப்பா வாயால் அழைப்புச் சொல்லியிருந்தார். அவர்கள் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார்கள். மேலதிகாரி மட்டும் வரவில்லை. முதல் வரிசையில் அவருக்காக வைத்த இரண்டு கதிரைகளும் கடைசிவரை காலியாகக் கிடந்தன. மகன் தாலி கட்டும்போதுகூட மாமனார் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, கல்யாணம் பிரமாதம், ஐஸ்கிறீம் அதைவிடப் பிரமாதம் என்று பாராட்டினார். மாமனாரைக் காணவில்லையாம், வேலையாக இருப்பார் என்று நினைத்துப் பரிசை மேடையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாராம். எங்கள் சாப்பாட்டில் ஐஸ்கிறீம் கிடையாது. கீழ் மண்டபத்தில் யாரோ ஒரு தம்பதியை மனதார வாழ்த்தியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் கார்டின் மதிப்பு என்னாவது? "ரொம்ப நன்றி சேர்" என்று சொல்லிவிட்டு வந்தார் மாமனார்.

ஒரு மாதம் கழித்து மேலதிகாரியும் மனைவியும் எங்கள் வீட்டுக்கே தேநீருக்கு வந்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, கல்யாணத்தன்று இன்னும் உயரமாக இருந்தீர்களே என்று சிங்களத்தில் கேட்டார். அன்று உயரமான செருப்பு போட்டிருந்தேன் என்றேன். மணமேடையில் செருப்பு போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

பிறகு அவர் மனைவி சுவர்களைச் சுற்றிப் பார்த்து, தாங்கள் கொடுத்த கடிகாரம் எங்கே என்றார். மாமியார் என்னைப் பார்த்தார், நான் கணவரைப் பார்த்தேன்.

"சாமியறையில மாட்டியிருக்கோம்" என்றார் மாமனார், கொஞ்சமும் தடுமாறாமல்.

அவர்களுக்கு ஒரே பெருமை. மறுநாள் காலையிலேயே மாமனார் கடைக்குப் போய் ஒரு கடிகாரம் வாங்கி வந்து சாமியறையில் மாட்டினார். பொய் சொல்வது அவருக்கு அறவே பிடிக்காது.