கீழ்முனைக் கோரை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். என் வாயில் வருகிறபடியே எழுதினால் யாரும் அச்சில் போட மாட்டார்களாம். அதனால் நான் திட்டுகிற இடங்களையெல்லாம் துடைத்துவிட்டு எழுதுகிறாளாம். துடைக்கட்டும். காபிப் பழம் பறித்த கையை எத்தனை தடவை கழுவினாலும் பிசுக்குப் போகாது. என் கோபமும் அப்படித்தான்.

ஏற்காட்டில் தலைச்சோலைக்குப் போகிற வழியில் எங்கள் எஸ்டேட் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குக் கீழே ஒரு சேற்று நிலம். பள்ளம் என்போம். மேல்காட்டில் கசிகிற தண்ணீரெல்லாம் அங்கே வந்து நின்று ஊறி, கோரையும் தாழையும் பெரணியும் மண்டிக் கிடக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். பள்ளம் முடிகிற கீழ்முனைக்கு அடியில் கல் கட்டிய ஊற்றுத் தொட்டி ஒன்று உண்டு. எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர் அதிலிருந்துதான். வெயில் காலத்தில் ஏற்காட்டு பஜாரில் லாரித் தண்ணீருக்கு ஆள் நிற்கும்போதுகூட எங்கள் தொட்டி வற்றியதில்லை.

பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். என்ன இல்லை என்று கேட்க வேண்டும். கல்லுக்கடியில் நண்டு இருக்கிறது. சளி பிடித்தால் அதைத் தட்டிப் போட்டு ரசம் வைப்போம், மூக்கு தானாகத் திறந்துகொள்ளும். விடிகிற நேரத்தில் காட்டுமாடு வந்து தண்ணீர் குடிக்கும். முதல் கோடை மழை விழுந்ததும் தவளைகள் கத்துகிற கத்தலில் டிவியின் சத்தமே கேட்காது. எனக்கு அதில் சந்தோஷம்தான், அந்த நாடகத்தில் மாமியாரை எப்போதும் கெட்டவளாகவே காட்டுகிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கானாங்கோழி. கறுப்புக் கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை போட்ட வக்கீல் மாதிரி முன்பக்கம் இருக்கும். பின்பக்கமோ வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும், உள்ளே சிவப்பாகத் தெரியும், வெட்கம் கெட்டது. காலையில் அது தாழம்புதருக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தினால்தான் எனக்கு டீ இறங்கும். முழங்கால் வலி வந்து வேலைக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து நான் வாசலில் உட்கார்ந்து பார்ப்பது அந்த ஜோடியைத்தான்.

எஸ்டேட் முதலாளி பள்ளத்தையும் அதை ஒட்டிய சரிவையும் ஒரு லாட்ஜுக்கு விற்றுவிட்டார். லாட்ஜ் வந்தது. ஊற்றுத் தொட்டியில் மோட்டார் வைத்து அவர்களும் தண்ணீர் இழுத்தார்கள். சரி, தண்ணீருக்கு ஜாதி உண்டா, இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். என் மருமகளுக்கும் அங்கே பெட்ஷீட் துவைத்து ரூம் சுத்தம் செய்கிற வேலை கிடைத்தது. வீட்டில் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான். அதனால் ரொம்ப நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் மே மாத சீசனுக்கு முன்னால் லாட்ஜ் மேனேஜர் பள்ளத்துக் கரையில் வந்து நின்றார். மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுப் பையன், தலைக்கு என்னவோ தடவிப் பளபளவென்று வைத்திருப்பார்.

"ஏனுங்க ஆயா, இது என்னுங்க இப்படிக் காடாக் கெடக்குது? வர்ற கெஸ்ட்டெல்லாம் மூஞ்சியச் சுளிக்கறாங்க" என்றார்.

"காட்டுக்குத்தானுங்க வந்திருக்காங்க. காடு காடாத்தான் இருக்கும்" என்றேன்.

"புல்லெல்லாம் எடுத்துட்டுக் குளமாட்டம் பண்ணி, ஊதாப் பூ போடப் போறோம். ஆளாளுக்கு போட்டோ எடுப்பாங்க பாருங்க!"

ஊதாப் பூ என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்னது ஆகாயத்தாமரை. அடிவாரத்துக்கு அந்தப் பக்கம், என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த ஊர் ஏரியில் அது மண்டிப் போய், தண்ணீர் எது தரை எது என்று தெரியாமல் எருமை இறங்கிச் சிக்கிக்கொண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையை ஆரம்பித்தால் நாத்தனார் கதையும் வந்துவிடும், விடுங்கள்.

"அது வந்தா ஊரையே புடிச்சுக்குமுங்க" என்றேன்.

"அதெல்லாம் கண்ட்ரோல்ல வெச்சுக்கலாங்க ஆயா" என்று சிரித்தார். கண்ட்ரோலாம். அவர் வண்டியையே நேராக நிறுத்தத் தெரியாது, ரெண்டு தடவை என் செம்பருத்தி மேல் ஏற்றியிருக்கிறார்.

மறுநாள் சாக்கு சாக்காக ஆகாயத்தாமரை வந்து இறங்கியது. பள்ளத்தின் மேல்பக்கம், தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் கொட்டினார்கள். கோரையைப் பிடுங்குவதற்கு எங்கள் லைன் பெண்களையே கூப்பிட்டார்கள். அறுவடை முடிந்து வேலை இல்லாத சமயம், எல்லாரும் போனார்கள். என் பக்கத்து வீட்டுக்காரிதான் முன்னால் போனாள். எஸ்டேட்டில் களையெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

காபித் தோட்டத்தில் களையெடுக்கிற விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நிரை. சரிவுக்குக் கீழே நின்று ஆரம்பித்து மேலே பார்த்துப் போக வேண்டும். மலை முகத்துக்கு நேராக இருப்பதால் ரொம்பக் குனிய வேண்டாம், இடுப்பு பிழைக்கும். பிடுங்கியதைப் பின்னால் போட்டுவிட்டு, பக்கத்து நிரையைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எல்லாரும் செய்தோம். அன்றைக்கும் அப்படியே போய்க் கீழ்முனையில் வரிசையாக நின்றார்கள். பள்ளம் காபித் தோட்டம் இல்லையே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பொய் சொல்வானேன். எனக்கிருந்த ஆத்திரமெல்லாம் கானாங்கோழிக்காகத்தான்.

வாசலிலிருந்தே கத்தினேன். "அடியே, அந்தத் தாழைய மட்டும் தொட்டீங்கன்னா பாத்துக்கங்க! உள்ள கோழி இருக்குது!"

"தொடலீங்க அக்கா! உங்க கோழிக்குத் தொட்டில் கட்டி ஆட்டறோம், போதுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிங்கடி, சிரிங்க. நாளைக்கு அந்த ஊதாப் பூவ வறுத்துத் தின்னுங்க!"

சாயங்காலத்துக்குள் கீழ்முனை மொட்டையடித்த தலை மாதிரி ஆகிவிட்டது. வேரோடு பிடுங்கிய கோரை கரையில் குவிந்து கிடந்தது. பொழுது சாய்ந்ததும் நல்ல கோடை மழை. தவளைகள் கத்தின. நானும் சமாதானமாகத் தூங்கிப் போனேன், என்ன முட்டாள்தனம் பாருங்கள்.

காலையில் குடத்தோடு தொட்டிக்குப் போன பெண்கள் வெறும் குடத்தோடு திரும்பினார்கள். தொட்டி முழுக்கச் செம்மண் குழம்பு. கீழ்முனையில் கோரை வேர்தான் இத்தனை காலமும் கைகோத்து நின்று மண்ணையும் தண்ணீரையும் பிடித்து வைத்திருந்திருக்கிறது. அது போனதும், மழையில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஓர் ஓடை அறுத்துக்கொண்டு, பள்ளத்துத் தண்ணீர் மொத்தமும் அது வழியே ஓடியிருக்கிறது. சேறு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. தவளை முட்டை நுரைநுரையாகக் கோரைத் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதெல்லாம் சேற்றில் படிந்து கிடந்தது. மேல்பக்கக் குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். அதில் ஆகாயத்தாமரை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மருமகள் லாட்ஜிலிருந்து அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"அத்தெ, பெட்ஷீட்டெல்லாம் செம்மண்ணாப் போச்சுங்க. ரூமுலயெல்லாம் பைப்புல சேறு வருது. நான் டேங்க் கழுவலீன்னு மேனேஜர் கத்தறார். இனிமே வேலைக்கே வராதேங்கறார்."

முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது. கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பெண்களெல்லாம் அறுத்துப் போன ஓடைக்கு முன்னால் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கை வெச்சது போதும், எந்திரிடி. புடுங்கத் தெரிஞ்ச கைக்கு நடத் தெரியாதா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மற்றவர்களும் இறங்கினார்கள். கரையில் குவித்த கோரை மழையில் நனைந்து பச்சையாகத்தான் இருந்தது. கல்லை உருட்டி வந்து ஓடை வாயில் அடைத்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி கோரையைக் கொத்தாகத் திணித்து மிதித்தார்கள். அன்றைக்கும் அதே நிரைதான், ஆளுக்கொரு இடம், திரும்பிப் பார்க்காத வேலை. ரெண்டு பேரை மட்டும் மேல்பக்கம் அனுப்பினேன். "அந்த ஊதாப் பூவுல ஒரு கணு மிச்சமிருக்கக் கூடாது. எடுத்துப் பாறை மேல போடுங்க, காயட்டும்."

மேனேஜர் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை, ஷூ.

"ஏய், யாரக் கேட்டுப் பூவ எடுக்கறீங்க? வண்டி வெச்சுக் கொண்டாந்து போட்டது! ஆயா, உங்க மருமக வேல உங்க கையிலதான் இருக்குது, சொல்லிப்புட்டேன்."

திரும்பி மருமகளைப் பார்த்தேன். பள்ளம் வேண்டும் என்று நான் சொல்லிவிடலாம், சோறு போடுகிறவள் அவள் அல்லவா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"சார், மேல எல்லா ரூமுலயும் தலைக்குச் சோப்புப் போட்டுட்டு நிக்கறாங்க. தண்ணி வேணுமா, பூ வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க. நான் அவங்களுக்குப் போய்ச் சொல்லிக்கறேன்."

மேலே மாடியில் துண்டு கட்டிய ஒரு பெரிய மனிதர் எட்டிப் பார்த்தார். தலையெல்லாம் நுரை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஹலோ! தண்ணி எப்ப வரும்?" என்று கூப்பிட்டார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டது எனக்குத் தெரியும்.

மேனேஜர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு ஒரு கல்லைத் தூக்கினார். அந்த ஷூ அதற்கப்புறம் எதற்கும் ஆகவில்லை என்று மருமகள் சொல்கிறாள். அவள் வேலை மட்டும் நின்றது, அதாவது போகாமல் நின்றது.

இது நல்ல கதை என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டி தெளிகிறவரை பக்கத்து எஸ்டேட்டிலிருந்து குடம் சுமந்தோம். இந்த வருஷம் பள்ளத்தில் தவளைச் சத்தம் பாதிகூட இல்லை. டிவியில் மாமியாரைத் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. கல்லுக்கடியில் நண்டைத் தேடினால் செம்மண்தான் வருகிறது. ஒரே நாளில் பிடுங்கியது, வேர் பிடித்துக் கைகோக்க எத்தனை மழை வேண்டுமோ! இதற்கு நடுவில் மேனேஜர் கரையில் போர்டு ஒன்று நட்டுவிட்டார். மருமகள் படித்துக் காட்டினாள். இயற்கைச் சதுப்பு நிலமாம், லாட்ஜ் பாதுகாக்கிறதாம். யார் பாதுகாத்தது? போர்டைப் பார்க்க வருகிறவர்கள் கோரைக்குள் டீக்கப்பை வீசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

போன வாரம் மேனேஜர் அந்தப் போர்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க ஆயா, அந்தக் கறுப்பு வெள்ளைக் கோழி, அதுக்குப் பேரு என்னுங்க? அதையும் இதுல எழுதிப் போட்டுடலாம்."

"கானாங்கோழிங்க சாமி. எழுதிக்கங்க. ஆனா எனக்கும் அதுக்கும் படிக்கத் தெரியாது. வண்டிய மட்டும் அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துங்க, அது போதும்" என்றேன்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தாழம்புதருக்குள்ளிருந்து கத்தல் கேட்டது. முதலில் தாய் வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. அதன் பின்னால் கரிக்கட்டைத் துண்டுகள் மாதிரி குஞ்சுகள், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, நாங்கள் திணித்து மிதித்த கீழ்முனைக் கோரை மேலேயே நடந்து அந்தப் பக்கம் போயின. கோரை அமுங்கவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பல் இல்லாத வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மேனேஜர் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போனை எடுத்தார், போட்டோ எடுக்கப் பக்கத்தில் போனார்.

"கிட்டப் போகாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் மேல் லைன் வரை ஆள் வெளியே வந்துவிட்டது.

இப்போதும் மேல்பக்கக் குழியில் எங்கிருந்தோ ஒரு கணு ஊதாப் பூ தலை நீட்டுகிறது. பிடுங்கினால் இன்னொன்று. கம்பை ஊன்றிக்கொண்டு நான் போய்ப் போய்ப் பிடுங்குகிறேன். மருமகளே, எழுதியது போதும், எழுந்து வா. நேற்றுப் பார்த்தேன், மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது.